சத்தத்தைச் செலவழிக்கத் தெரிந்தால் போதும்: நீர்மூழ்கி சிமுலேஷன் கேம்களுக்கு முழுமையான வழிகாட்டி

நீர்மூழ்கி கேமைப் புதிதாகத் தொடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறு ஒன்றுதான். டெஸ்ட்ராயர் (நீர்மூழ்கியை வேட்டையாடும் போர்க்கப்பல்) கண்ணில் பட்டதும் படகை ஆழத்துக்கு இறக்கி, முழு வேகத்தில் ஓடப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் டெப்த் சார்ஜ், அதாவது ஆழத்தில் வெடிக்கும் பீப்பாய் குண்டு, தலைமேல் விழுகிறது. ஆழம் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது. கடலுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால் கையில் எத்தனை டார்பிடோ மிச்சம் என்று பார்ப்பதற்கு முன்னால், எவ்வளவு சத்தம் போடுகிறோம், அது யார் பக்கம் போகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

இரண்டாம் உலகப் போர்ப் படகுகளுக்கு சைலன்ட் ஹன்டர் 3, யூபோட் ஆகியவற்றையும், அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு கோல்ட் வாட்டர்ஸையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மற்ற கேம்களில் பொத்தான்கள் மாறும், கடல் மாறாது.

உட்காரும் முன்

காதை மூடுகிற ஹெட்போன் கட்டாயம். சரக்குக் கப்பலின் திருகி (ப்ரொப்பெல்லர்) மெதுவாக, கனமாக அடிக்கும். போர்க்கப்பலுடையது வேகமாக, வெட்டி வெட்டி வரும். லேப்டாப் ஸ்பீக்கரில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிற ஊராக இருந்தால், இரவு ஷிஃப்ட் இல்லாத நாளாகப் பார்த்து உட்காருங்கள்.

கரண்ட் போகிற ஊர் என்றால் யூ.பி.எஸ். இருக்கட்டும். ஒரு கான்வாய் (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள்) வேட்டை மூன்று மணி நேரம் இழுக்கும். சைலன்ட் ஹன்டர் 3-ல் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போதும், அருகில் கப்பல்கள் இருக்கும்போதும் சேவ் செய்தால் அந்தக் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். மேலே மிதந்து, சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில் மட்டும் சேவ் செய்யுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

படகின் சத்தம் மூன்று வகை: உள்ளே ஓடும் இயந்திரங்கள், உடம்பின் மேல் வழியும் தண்ணீர், பின்னால் சுற்றும் திருகி. முதல் இரண்டும் வேகத்தோடு மெல்ல மெல்லக் கூடும். மூன்றாவது ஒரு எல்லை தாண்டியதும் திடீரென்று எகிறும். அதற்குப் பெயர் கேவிட்டேஷன்.

கோயம்புத்தூர் பக்கம் பம்ப்செட்டோடு பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சித்திரையில் கிணற்று நீர் கீழே போய்விடும். மேடையில் இருக்கிற மோட்டார் நீளமாக இழுக்க வேண்டி வரும். பம்புக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி கடகடவென்று சத்தம் கிளம்பும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரின் இறக்கைகள் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருக்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் ஆவிக் குமிழியாகி, அழுத்தம் கூடும் இடத்தில் உடைந்து நொறுங்குவதுதான் அந்தச் சத்தம். மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கமாக இறக்கிக் கட்டினால் நின்றுவிடும். நீர்மூழ்கியின் திருகிக்கும் இதே வைத்தியம்தான்: ஆழத்துக்குப் போகப் போக அழுத்தம் கூடுவதால், குமிழி கிளம்பாமலே கூடுதல் வேகம் எடுக்கலாம்.

இதிலிருந்து வருகிற வழக்கங்கள்:

1. முதலில் இறங்குங்கள், அப்புறம் வேகமெடுங்கள். மேலே இருந்தபடியே முழு வேகம் கொடுத்துக்கொண்டு இறங்குவது, நம் இருப்பைக் கூவிச் சொல்வதுபோல.
2. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். 5 நாட் வேகத்திலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) நேராக 20-க்குத் தள்ளினால், படகு நகரும் முன்பே திருகி மட்டும் சுழன்று குமிழியைக் கிளப்பும். 5, 8, 12 என்று ஏறுங்கள்.
3. கோல்ட் வாட்டர்ஸில் கேவிட்டேஷன் எச்சரிக்கை திரையிலேயே வரும். பயிற்சிப் பயணம் ஒன்றில் மேல்மட்டம், நடு ஆழம், அடி ஆழம் மூன்றிலும் எந்த வேகத்தில் அது எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படகுக்கு அந்த மூன்று எண்கள்தான் வேத வாக்கு.
4. சைலன்ட் ஹன்டர் 3-ல் சைலன்ட் ரன்னிங் (சத்தத்தை அடக்கி ஓட்டும் முறை) போட்டதும் டார்பிடோ ஏற்றுவதும் பழுது பார்ப்பதும் நின்றுவிடும். இதை மறந்துவிட்டு, ஏன் குழாய் காலியாகவே இருக்கிறது என்று திகைப்பவர்கள் நிறைய.

வேகம் இன்னொரு கெடுதலும் செய்கிறது: நம் காதையே அடைத்துவிடுகிறது. அதனால்தான் ஓடி நின்று, ஓடி நின்று போகும் முறை. ஆழத்தில் பத்து நிமிடம் விரைவாகப் போய், பிறகு 5 நாட்டுக்கு இறங்கி, ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, மறுபடி ஓட வேண்டும். விரைந்து ஓடும் அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் செவிடு என்பதை நினைவில் வையுங்கள்.

நேர் பின்னால் எப்போதுமே செவிடுதான். நம் திருகிக்குப் பின்னால் விசிறி போல விரியும் அந்தப் பகுதியை பேஃபில் என்பார்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை படகை 60 முதல் 90 டிகிரி திருப்பி, பின்னால் எவனாவது ஒட்டிக்கொண்டு வருகிறானா என்று கேளுங்கள். திருப்பத்தை ஒரே பக்கமாக, ஒரே இடைவெளியில் செய்யாதீர்கள். எதிரிக்கும் இதே பேஃபில் உண்டு. அவன் பின்பக்கம்தான் உங்களுக்கு இட்டேரி. வேலி மறைவில் நடக்கிற மாதிரி நடக்கலாம்.

தண்ணீருக்குள் ஒரு திரை

சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும்: மேலே ஓர் ஆள் மட்டத்துக்கு வெதுவெதுப்பு, கால் எட்டும் இடத்தில் சில்லென்று வேறு தண்ணீர். கடலிலும் அப்படித்தான். சூடான மேல்மட்டமும் குளிர்ந்த அடிமட்டமும் சந்திக்கும் இடம்தான் தெர்மல் லேயர். ஒலி எப்போதும் தன் வேகம் குறைகிற பக்கம் வளையும். குளிர்ந்த நீரில் வேகம் குறைவு. அதனால் மேலே இருக்கும் கப்பலின் சோனார் (ஒலியை வைத்துத் தேடும் கருவி) அனுப்பும் ஒலி இந்த எல்லையில் பிரிந்து, ஒரு பங்கு மேல்மட்டத்திலேயே தங்க, ஒரு பங்கு கீழே வளைந்து போகிறது. இடையில் நிழல் விழுகிறது. அந்த நிழலில் நிற்பதுதான் நம் வேலை. 1930-களில் அமெரிக்கக் கடற்படையினர் காலையில் நன்றாக வேலை செய்த சோனார் மதியத்தில் மங்குவதைக் கண்டு குழம்பினார்கள். காரணம் வெயிலில் சூடேறிய மேல்மட்ட நீர்தான்.

செய்ய வேண்டியது: கேம் காட்டும் லேயர் ஆழத்தைப் பாருங்கள். அதற்குக் கீழே குறைந்தது 30 மீட்டர் இறங்கி நில்லுங்கள். எல்லைக்கோட்டிலேயே நின்றால் திரை வேலை செய்யாது. ஆனால் திரை இரண்டு பக்கமும் மறைக்கும்: மேலே போகும் கப்பல்கள் உங்களுக்கும் மங்கலாகத்தான் கேட்கும். அரை மணிக்கு ஒருமுறை மெதுவாக லேயருக்கு மேலே வந்து, ஒரு சுற்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இழுவைச் சோனாரைக் கீழே தொங்கவிட்டு இழுத்து வரும் கப்பலிடம் இந்தத் திரை பலிக்காது. எதிரிக் கப்பல் எந்த வகுப்பு என்று முதலில் அடையாளம் காணச் சொல்வது அதற்காகத்தான்.

ஆழமில்லாத கடலில் லேயரை நம்ப முடியாது. அங்கே தரைக்குப் பக்கமாக, மிக மெதுவாக இருக்கும் டீசல்-எலக்ட்ரிக் படகுதான் ராஜா. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே பாகிஸ்தானின் ஹாங்கோர் நம் ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். ஹாங்கோர் அப்படிப்பட்ட டீசல்-எலக்ட்ரிக் படகுதான். கேமில் ஆழமில்லாத கடல் வந்தால் எதிரியின் சிறிய படகைக் குறைவாக எடை போடாதீர்கள்.

கான்வாயை நெருங்குவது

ஜெர்மனியின் டைப் 7-சி படகை எடுத்துக்கொள்வோம். நீர்மேல் 17.7 நாட், நீருக்கடியில் அதிகபட்சம் 7.6 நாட், 4 நாட்டில் போனால் பேட்டரி 80 கடல் மைல் வரும், அதாவது 20 மணி நேரம். 8 நாட்டில் போகும் கான்வாயை அடியிலிருந்து துரத்திப் பிடிக்கவே முடியாது. எனவே முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, அதன் வேகமும் திசையும். கான்வாயின் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி, 3 நிமிடம் 15 வினாடி கழித்து மறுபடி குறியுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடையே எத்தனை நூறு மீட்டரோ, அத்தனை நாட் வேகம். 800 மீட்டர் என்றால் 8 நாட். இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கான்வாய் வளைந்து வளைந்து போகும் வழக்கம் உள்ளது.

இரண்டாவது, சுற்றிப் போவது. பாய்மரமும் புகையும் மட்டும் தொடுவானில் தெரிகிற தூரத்தில், நீர்மேல் 17 நாட்டில் இணையாக ஓடுங்கள். கூடுதல் வேகம் 9 நாட். 20 கடல் மைல் முன்னேற இரண்டேகால் மணி நேரம் ஆகும். நேரத்தை வேகப்படுத்தும் வசதியை இங்கே 8 மடங்குக்கு மேல் வைக்காதீர்கள். விமானம் வந்தால் முழுகுவதற்கு நேரம் கிடைக்காது.

மூன்றாவது, இடம் பிடிப்பது. கான்வாயின் பாதைக்குச் செங்குத்தாக, பாதையிலிருந்து 1,000 மீட்டர் தள்ளி, மூக்கு பாதையைப் பார்த்தபடி முழுகி நில்லுங்கள். வேகம் 1 அல்லது 2 நாட் போதும். 20 முதல் 25 மீட்டர் ஆழத்தில் ஹைட்ரோஃபோனில் (நீருக்கடி மைக்கில்) கேட்டுக்கொண்டிருங்கள். முன்னால் வரும் காவல் கப்பல் பிங் அடித்தால் (எதிரொலிக்காகச் சோனார் ஒலியை அனுப்பினால்), படகின் பக்கவாட்டை அதற்குக் காட்டாதீர்கள். மூக்கையோ வாலையோ காட்டினால் திரும்பிப் போகும் எதிரொலி சிறுத்துவிடும். காவல் கப்பல் தாண்டிப் போகும்வரை பெரிஸ்கோப்பைத் தூக்கவே வேண்டாம்.

நான்காவது, பெரிஸ்கோப். 12 மீட்டர் ஆழத்துக்கு வந்து, வேகத்தை 2 நாட்டுக்குக் குறைத்த பிறகே தூக்க வேண்டும். 6 நாட்டில் தூக்கினால் குழாய்க்குப் பின்னால் வெள்ளை நுரைக் கோடு ஒன்று நீளும். அமைதியான கடலில் காவலாளி அதைத்தான் பார்க்கிறான், குழாயை அல்ல. எண்ணி பத்து வினாடி. இலக்கைப் பாருங்கள், திசை வாசியுங்கள், இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க ஆசைப்படுவதால்தான் குழாய் ஒரு நிமிடம் மேலே நிற்கிறது.

ஐந்தாவது, சுடுவது. ஜி7இ மின் டார்பிடோ 30 நாட்டில் 5,000 மீட்டர் ஓடும், குமிழித் தடம் விடாது. நீராவி டார்பிடோ ஜி7ஏ வேகமானது, ஆனால் அதன் தடத்தைப் பகலில் பார்த்துவிடுவார்கள். 1,000 மீட்டர் ஓட மின் டார்பிடோவுக்கு 65 வினாடி. அதற்குள் 8 நாட் கப்பல் 267 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே கப்பல் உங்கள் மூக்குக்கு நேராக வருவதற்கு 15 டிகிரி முன்னால் இருக்கும்போதே நேராகச் சுட வேண்டும். இடப்பக்கமிருந்து வந்தால் பேரிங் (மூக்கிலிருந்து வலமாக அளக்கும் திசைக் கோணம்) 345-ல். வலப்பக்கமிருந்து வந்தால் 15-ல். குழாய்க் கதவை முன்பே திறந்து வையுங்கள். சுடும் பொத்தானை அழுத்திய பிறகு கதவு திறக்கக் காத்திருந்தால் கணக்கு பிசகிவிடும்.

தூரத்தை ஏன் 1,000 என்று வைக்கிறோம்? வேகத்தை ஒரு நாட் தப்பாகக் கணித்திருந்தால், 1,000 மீட்டரில் பிழை 33 மீட்டர். 130 மீட்டர் நீளக் கப்பலின் நடுவைக் குறிவைத்திருந்தால் இன்னும் படும். 3,000 மீட்டரில் அதே பிழை 100 மீட்டராகிவிடும், டார்பிடோ வெறும் தண்ணீரில் போகும். அதற்காக ஒரேயடியாக ஒட்டிப் போகவும் வேண்டாம்; 300 மீட்டருக்குள் டார்பிடோவின் வெடிமுனை விழிக்காது.

பிங் அடிக்காமல் தூரம் கண்டுபிடிப்பது

ஆக்டிவ் சோனாரால் ஒரு பிங் அடித்தால் தூரம் உடனே தெரியும். ஆனால் பிங் போய்த் திரும்பி நம் காதுக்கு வரும் தூரத்தைவிட மிகத் தூரத்தில் இருப்பவனுக்கும் அது கேட்கும். கேட்பதை மட்டும் வைத்தே தூரம் கண்டுபிடிக்க, அமெரிக்கக் கடற்படை அதிகாரி எக்லண்ட் பெயரில் ஒரு முறை வழங்குகிறது. கேம் தானாகக் கணக்குப் போட்டாலும், படகை எப்படித் திருப்பினால் அந்தக் கணக்கு சீக்கிரம் தேறும் என்று புரிய இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலக்கு இருக்கும் திசைக்குக் குறுக்கே, வலப்பக்கமாக 5 நாட்டில் ஐந்து நிமிடம் போங்கள். பேரிங் நிமிடத்துக்கு 0.2 டிகிரி இடப்பக்கம் நகர்கிறது என்று வையுங்கள். பிறகு திரும்பி இடப்பக்கமாக அதே 5 நாட்டில் ஐந்து நிமிடம். இப்போது பேரிங் நிமிடத்துக்கு 1 டிகிரி வலப்பக்கம் நகர்கிறது. உங்கள் குறுக்கு வேகத்தின் மாற்றம் 10 நாட். பேரிங் நகர்வின் மாற்றம் 1.2 டிகிரி. நாட்டையும் டிகிரியையும் மீட்டராக மாற்றும் மாறா எண்ணான 1,768-ஐ 10-ஆல் பெருக்கி 1.2-ஆல் வகுத்தால் சுமார் 14,700 மீட்டர், அதாவது 8 கடல் மைல்.

இது கெடுவது இரண்டு இடத்தில். திரும்பிக்கொண்டிருக்கும்போது எடுத்த பேரிங்கைச் சேர்த்துவிட்டால் எண் தாறுமாறாகும். திருப்பம் முடிந்து, இழுவைச் சோனார் நேரான பிறகே குறிக்கத் தொடங்குங்கள். நடுவில் இலக்கு திசை மாற்றியிருந்தாலும் கணக்கு செல்லாது. பேரிங் திடீரென்று வேறு வேகத்தில் நகர்ந்தால் பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இலக்கை நோக்கி நேராகவே போய்க்கொண்டிருப்பவர்களுக்குத் தூரம் கிடைக்கவே கிடைக்காது.

டெப்த் சார்ஜிலிருந்து தப்புவது

இருபத்துநாலு தறி ஓடும் கொட்டகையில் இரண்டு பேர் சத்தமாகப் பேசினாலும் மூன்றாமவருக்குக் கேட்காது. கரண்ட் நின்றதும் தறிகள் ஒரே நொடியில் அடங்கும். அப்போது கிசுகிசுப்புகூட மூலைக்கு மூலை கேட்கும். தப்பிக்கும் கலை முழுவதும் இதற்குள் இருக்கிறது: சத்தத்துக்குள் ஓடு, சத்தம் அடங்கும் முன் நீ அடங்கு.

சுட்ட உடனே 150 மீட்டருக்கு மேல் ஆழம் போகத் தொடங்குங்கள், 2 நாட்டில். கான்வாயின் அடியில் போனால், மேலே ஓடும் திருகிகளின் இரைச்சல் உங்களை மூடும். காவல் கப்பல் பிடித்துவிட்டால், பிங்குகளின் இடைவெளி சுருங்கும். அதன் திருகியின் ஓசை வேகமெடுக்கும். இந்த நேரத்தில் பயந்து ஓடாதீர்கள். கப்பல் உங்கள் தலைமேல் வருவதற்குச் சற்று முன்பே அதன் சோனார் கூம்பிலிருந்து நீங்கள் நழுவிவிடுவீர்கள். நீங்கள் ஆழத்தில் இருக்க இருக்க, அது உங்களைத் தவறவிடும் தூரமும் கூடும்.

பீப்பாய்கள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டதும் முழு வேகம், சுக்கான் ஒரு பக்கம் முழுசாக. பிரிட்டிஷாரின் சாதாரண டெப்த் சார்ஜ் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் இறங்கும். 180 மீட்டரில் இருந்தால் உங்களுக்கு 60 வினாடி கையில் இருக்கிறது. 4 நாட் சராசரி என்றாலே 120 மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். அதன் கொல்லும் வட்டம் சில மீட்டர்தான். திரும்பும் பக்கத்தை அந்தக் கப்பலின் போக்குக்கு எதிராக, அதன் வால் பக்கமாக வையுங்கள். அங்கே அதன் பேஃபிலும், வெடிப்பால் கலங்கிய தண்ணீரும் உங்களுக்கு மறைப்பு. வெடிப்பின் உறுமல் ஓயத் தொடங்கும்போதே 2 நாட்டுக்கு இறக்கிவிடுங்கள். முழுசாக ஓய்ந்த பிறகு இறக்கினால் தாமதம். சில மீட்டர் ஆழத்தையும் மாற்றுங்கள்.

1942-க்குப் பிறகு வரும் கட்டங்களில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். ஹெட்ஜ்ஹாக் 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வீசும். பட்டால் மட்டுமே வெடிக்கும். படாவிட்டால் இரைச்சலே இருக்காது, சோனார் பிடியும் விடாது. அங்கே பக்கவாட்டைக் காட்டாமல் மெதுவாக விலகுவதும், போல்ட் குமிழித் தூண்டிலை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் செங்குத்தாகத் திரும்புவதும்தான் வழி.

அணுசக்திப் படகுகளில் டார்பிடோவே துரத்தி வரும். எதிரி உங்கள் டார்பிடோ வந்த திசையிலேயே திருப்பிச் சுடுவான். அதனால் கம்பி இணைப்புள்ள டார்பிடோவை நேராக அனுப்பாமல், முதலில் 40, 50 டிகிரி பக்கவாட்டில் மெதுவாக ஓட்டி, அங்கிருந்து இலக்குப் பக்கம் திருப்புங்கள். அதன் தேடும் தலையைக் கடைசியில் மட்டும் விழிக்க வையுங்கள். நீங்கள் எதிர்ப்பக்கம் நழுவுங்கள், ஆனால் வேகமாகத் திரும்பினால் கம்பி அறுந்துவிடும். உங்களை நோக்கி டார்பிடோ வந்தால், அது நெருங்கும்வரை இரைச்சல் தூண்டிலைப் பிடித்து வையுங்கள். தூரத்திலேயே விட்டால், அதைத் தாண்டி வந்து மறுபடி உங்களைத் தேடும். விட்டதும் தூண்டில் உங்களுக்கும் டார்பிடோவுக்கும் நடுவில் இருக்கும்படி திரும்பி, லேயரைக் கடந்து போங்கள்.

மேலே வருவது

நிறையப் படகுகள் தப்பித்த பிறகுதான் மூழ்குகின்றன. கடைசிப் பிங் கேட்டதிலிருந்து ஒரு மணி நேரமாவது அதே மெதுவான வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். காவல் கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் தந்திரம் கேமிலும் உண்டு. நின்ற கப்பல் ஹைட்ரோஃபோனில் கேட்காது, ஆகவே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பதை நம்பி ஏறாதீர்கள். 25 மீட்டருக்கு ஏறி, படகை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிக் கேளுங்கள். 12 மீட்டரில் பெரிஸ்கோப்பைத் தூக்கி முதலில் வானத்தைப் பாருங்கள், பிறகு தொடுவானை. யாருமில்லை என்றால் சைலன்ட் ரன்னிங்கை எடுத்துவிட்டு டார்பிடோ ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி முடியும்வரை முழுகியே இருங்கள். ஏற்றும் சத்தம் வெளியே போகும். 1944-க்குப் பிறகு ஸ்னார்க்கல் (முழுகியிருக்கும்போதே டீசல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய்) உள்ள படகாக இருந்தால் டீசல் ஓடும்போது உங்கள் காது அடைபடும், அரை மணிக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்திக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். ஸ்னார்க்கல் இல்லாவிட்டால் இருட்டும் வரை பொறுத்து, நீர்மேல் வந்து, பேட்டரி நிரம்பும்வரை கான்வாய் போன திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள்.